ஒன்பது திரும்பி வரும்வரை

நான் இயக்கிய படத்தின் முதல் தொகுப்பைப் பதினான்கு பேருக்குப் போட்டுக் காட்டினேன். 42 நிமிடப் படம். 1958ஆம் ஆண்டில், ஒரே மாலைப்பொழுதில், ஒரே வீட்டுக்குள் நடக்கும் நகைச்சுவைக் கதை. விளக்கைப் போட்டதும் எல்லாரும் பேசத் தொடங்கினார்கள். சன்னலில் தொங்கிய மூங்கில் தட்டியைப் பாராட்டினார்கள். நாற்காலியின் பிரம்புப் பின்னலைப் பற்றி இருவர் விவாதித்தார்கள். "அந்தக் காலத்துக்கே போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. எல்லாம் உண்மையான அன்போடு வந்த சொற்கள். ஆனால் அந்த 42 நிமிடமும் நான் திரையைப் பார்க்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் உயிர் என்று நான் நம்பியிருந்த தொலைபேசிக் காட்சியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கச்சேரி கேட்டு வெளியே வருகிறவர்கள் மேடை ஜோடனையை மட்டும் பாராட்டினால் பாடியவருக்கு எப்படி இருக்கும்? எனக்கு அன்று இரவு அப்படித்தான் இருந்தது. படப்பிடிப்பில் வயிறு வலிக்கச் சிரித்த காட்சி திரைக்கு வந்ததும் ஏன் செத்துப்போனது என்ற கேள்வி பல வாரங்கள் என்னை விடவில்லை.

கதை சின்னது. ஒரு வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது. "பெரியப்பா போய்விட்டார்" என்பதோடு இணைப்பு அறுந்துவிடுகிறது. பெரியப்பா புறப்பட்டுப் போயிருக்கிறார். அதுவும் இந்த வீட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறார். ஆனால் ரிசீவரை எடுத்த இளைஞன் அவர் காலமாகிவிட்டார் என்று புரிந்துகொண்டு, உறவினர் ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்லத் தொடங்குகிறான். இதை இன்றைய காலத்தில் வைத்து எடுக்கலாமே, செலவு பாதியாகக் குறையுமே என்று பலர் கேட்டார்கள். எடுக்க முடியாது. கையில் கைபேசி இருப்பவனுக்கு இந்தத் தவறான புரிதல் பத்து நொடி தாங்காது. வந்த எண்ணுக்கே திரும்ப அழைத்து "எங்கே போய்விட்டார்?" என்று கேட்டால் கதை முடிந்தது. ஆள்மாறாட்டம், கைமாறிப்போன கடிதம், பாதி காதில் விழுந்த செய்தி, இவையெல்லாம் செய்தி மெதுவாக நடந்து போன காலத்தின் பிள்ளைகள். 1958ஐ நான் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. தெருவுக்கு ஒரு தொலைபேசி இருந்து, அழைத்தவர் எங்கிருந்து பேசினார் என்று தெரிந்துகொள்ள வழியில்லாத ஓர் உலகம் இல்லாமல் இந்தக் கதைக்கு மூச்சே கிடையாது. திரைக்கதை எழுதும்போது இதை நன்றாக அறிந்திருந்தேன். படத்தொகுப்பு அறையில்தான் மறந்துபோனேன்.

அகலமும் நெருக்கமும்

உடலால் செய்யும் நகைச்சுவைக்கு அகலமான சட்டகம் (ஃபிரேம்) வேண்டும். விழுகிறவன் தலையிலிருந்து கால்வரை தெரிய வேண்டும். அவன் அறியாத ஆபத்து அவனுக்குப் பக்கத்திலேயே நமக்குத் தெரிய வேண்டும். அமெரிக்க மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ 1926இல் வந்தது. கதையோ 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நடக்கிறது. கீட்டனுக்கே அது பழைய காலம். அதில் ஓடும் ரயில் எஞ்சினில் நின்றபடி நாயகன் விறகு வெட்டிக்கொண்டிருப்பான். அவன் முதுகுக்குப் பின்னால் சொந்தப் படை பின்வாங்கி ஓடும். பிறகு எதிரிப் படை முன்னேறி வரும். அவன் கோடரியிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டான். விறகைத் தனியாகவும் படையைத் தனியாகவும் காட்டியிருந்தால் நமக்குச் செய்தி கிடைத்திருக்கும், சிரிப்பு கிடைத்திருக்காது. அந்தச் சட்டகத்தை நிரப்புவதற்காகக் கீட்டன் ஆரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் ஊருக்குப் போனார். கதைக்குத் தோதான பழைய தண்டவாளங்கள் அங்கே இருந்தன. அம்மாநிலத் தேசியக் காவல் படையினர் சுமார் 500 பேரை வரவழைத்து, அதே ஆட்களுக்கு முதலில் ஒரு தரப்பின் சீருடையையும் பிறகு மறு தரப்பின் சீருடையையும் மாட்டி ஓடவிட்டார்.

கைப்பணம் குறைந்தவர்கள் எடுக்கும் காலப் படமோ, அதாவது பழைய காலத்தில் நடக்கும் கதையோ, எப்போதும் நெருக்கமான சட்டகத்தையே தேடும். முகம், கை, மேசையின் ஒரு மூலை என்று எடுத்துவிட்டால் வெளியே என்ன ஆண்டு நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கேமராவை ஓர் அடி பின்னால் நகர்த்தினால் மின்விசிறிக்கான நவீன சுவிட்சு தெரியும். இன்னும் ஓர் அடி போனால் எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனா. இரவுக் காட்சியில் பக்கத்து வீட்டு எல்இடி விளக்கின் வெள்ளை வெளிச்சம் சன்னல் வழியாக வந்து, நாங்கள் மஞ்சள் குண்டு பல்பு வைத்து உண்டாக்கிய மாலையை ஒரு நொடியில் கலைத்துவிடும். படப்பிடிப்பு நடந்த ஒன்பது நாளும் எங்களுக்குள் நடந்த வாக்குவாதங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வாக்குவாதம்தான். நான் பின்னால் போகச் சொல்வேன், கலை இயக்குநர் முன்னால் வரச் சொல்வார். நகைச்சுவை கேட்கும் அகலத்தைக் காலம் கொடுக்க மறுக்கிறது என்பது திட்டமிடும்போது எந்தத் தாளிலும் எழுதப்படாத சிக்கல். செலவுக் கணக்கில் அதற்கு ஒரு வரி கிடையாது. ஆனால் தினமும் அதுதான் பணத்தையும் பகல் வெளிச்சத்தையும் தின்றது.

வீட்டைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் நாங்கள் தவறு செய்யவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். கதை நடக்கும் ஆண்டைவிட வயதில் மூத்த வீடு வேண்டும் என்பதில் கலை இயக்குநர் உறுதியாக இருந்தார். 1958இல் வாழ்கிறவர்கள் 1958இல் செய்த பொருள்களோடு மட்டும் வாழ்வதில்லை. தாத்தா வாங்கிய கடிகாரமும் அம்மா கொண்டுவந்த பெட்டியும் கூடவே இருக்கும். எல்லாப் பொருளும் ஒரே ஆண்டில் பிறந்திருந்தால் அறை கண்காட்சி போல ஆகிவிடும். ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டர் 1929இல் நடக்கும் ‘சம் லைக் இட் ஹாட்’ படத்தை எடுத்தது, தற்செயலாக, என் கதை நடக்கும் 1958இல்தான். புளோரிடா கடற்கரை ஓட்டலுக்காக அவர் கலிஃபோர்னியாவில் 1888இல் கட்டப்பட்ட ஹோட்டல் டெல் கொரனாடோவைப் பயன்படுத்திக்கொண்டார். அந்தப் படம் கறுப்பு வெள்ளையில் இருப்பதற்கும் காலத்துக்கும் சம்பந்தம் இல்லை. வண்ணத்தில் சோதித்துப் பார்த்தபோது பெண் வேடமிட்ட நடிகர்களின் ஒப்பனை பச்சை கலந்து தெரிந்தது. அதனால் வண்ணத்தைக் கைவிட்டார்கள். எங்கள் படத்தையும் கறுப்பு வெள்ளையில் எடுக்கலாம் என்று ஒளிப்பதிவாளர் விரும்பினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கறுப்பு வெள்ளை "இது பழங்கதை" என்று பார்ப்பவரின் காதில் ஓதிக்கொண்டே இருக்கும். என் கதை மாந்தருக்குத் தாங்கள் பழைய காலத்தில் வாழ்கிறோம் என்பது தெரியாது. அன்று மாலை அவர்களுக்கு அது இன்று. அவர்களுடைய உடையையும் சிகையையும் பார்த்து யாராவது சிரித்தால் அது எனக்கு அவமானம். அவர்களுடைய அவசரத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

உடையக் கூடாத பொருள்கள்

நகைச்சுவைக்கு உடையும் பொருள் வேண்டும், கறைபடும் சட்டை வேண்டும், ஆள் விழுந்தால் கால் ஒடியும் நாற்காலி வேண்டும். காலப் படத்தில் இவை எல்லாமே இரவல். பிரம்பு நாற்காலியைக் கொடுத்தவர் ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்: அதில் யாரும் கனமாக உட்காரக் கூடாது. கண்ணாடிக் கூசாவுக்கு இணை கிடையாது. நாயகனின் நீண்ட காலர் வைத்த சட்டை, அந்தக் காலத் துணியில் தைத்த ஒன்றே ஒன்று, உடை வடிவமைப்பாளர் மூன்று மாதம் தேடிப் பிடித்தது. கதைப்படி அவன் பதற்றத்தில் மைக்கூட்டைத் தட்டிவிட்டு அதன்மேலேயே விழ வேண்டும். வழக்கமாக இப்படிப்பட்ட காட்சிக்கு ஒரே மாதிரி நான்கைந்து சட்டைகள் வைத்துக்கொண்டு, டேக்குக்கு, அதாவது காட்சியை ஒரு முறை எடுப்பதற்கு, ஒன்றாக மாற்றுவார்கள். எங்களிடம் இருந்தது ஒரு சட்டை, ஒரு டேக். ஒத்திகையில் அந்த நடிகர் அற்புதமாக விழுந்தார். தூணில் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடியும் நழுவி, கடைசியில் தோல்வியை ஏற்றுக்கொண்டவர் போல மெதுவாக உட்கார்ந்தார். கேமரா ஓடியபோது விழுந்தது அவர் உடல் மட்டும்தான். மனம் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கையை ஊன்றும் விதத்திலேயே அந்த எச்சரிக்கை தெரிந்தது. விழப்போவதை அறிந்தவன் விழுந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

ஒலியிலும் இதே இழுபறி. நகைச்சுவை வசனத்தைப் பின்னால் டப்பிங் செய்தால் நேரம் தவறிவிடும் என்பது என் உறுதியான கருத்து. எதிரில் நிற்பவரின் மூச்சைக் கேட்டுத்தான் அடுத்தவர் பேசும் கணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாக நிற்பவருக்கு அந்த மூச்சு கிடைக்காது. ஆகவே நேரடி ஒலிப்பதிவு என்று முடிவு செய்தோம். முடிவு செய்த மறுநாளிலிருந்து தெருவில் போகும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் எங்கள் எதிரி. ஒரு நல்ல டேக்கில், மிக நல்ல டேக்கில், எங்கோ ஒரு கைபேசி அதிர்ந்தது. யாருடையது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "டென்ஷன் ஆகாதே" என்று ஒரு நடிகர் தன்னை மறந்து சொன்னார். காட்சிக்கு மிகப் பொருத்தமாக, மிகச் சரியான கணத்தில் விழுந்த சொல். அதை எடுத்துவிட்டு "பதறாதே" என்று வைத்தேன். சரியான சொல்தான், ஆனால் அசை குறைந்துவிட்டது. அசை குறைந்ததும் எதிர்வசனம் சீக்கிரம் வந்துவிட்டது, சிரிப்பும் போய்விட்டது. கடைசியில் "பதறாதே, பதறாதே" என்று இரண்டு முறை சொல்லவைத்தோம். காலத்தை மாற்றினால் சொல் மாறும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதோடு தாளமும் மாறுகிறது என்பதை அன்றுதான் கற்றேன்.

ஐந்து எண்கள்

ஆறாவது நாள் தொலைபேசிக் காட்சி. நான் ஆசைப்பட்ட ஷாட் இதுதான்: முன்னால் மேசையில் கறுப்புத் தொலைபேசி, அதில் எண் சுற்றிக்கொண்டிருக்கும் இளைஞன், அவனுக்குப் பின்னால் சன்னல், சன்னலுக்கு அப்பால் தெரு, தெருவில் கையில் பெட்டியோடு நிதானமாக நடந்து வரும் பெரியப்பா. அவன் சுற்றி முடித்து மறுமுனையில் யாராவது எடுத்துவிட்டால் இல்லாத சாவு ஊரெல்லாம் பரவிவிடும். அதற்குள் பெரியப்பா வாசலுக்கு வந்துவிட்டால் பிழைத்தோம். இரண்டும் ஒரே சட்டகத்தில் இருக்க வேண்டும். தெரு முழுவதையும் 1958க்குக் கொண்டுபோக எங்களிடம் பணம் இல்லை. மூங்கில் தட்டியைப் பாதிவரை இறக்கிவிட்டோம்; ஆன்டெனாவும் கம்பிகளும் மறைந்தன. கீழே நின்றிருந்த கார்களை மறைக்க மரப்பெட்டிகள் ஏற்றிய ஒரு தள்ளுவண்டியை நிறுத்தினோம். மிஞ்சியது ஆறடி அகலத் தெரு. அந்த ஆறடிக்குள் பெரியப்பா நடந்து வர வேண்டும்.

நாயகனாக நடித்தவருக்கு வயது இருபத்துநான்கு. சுழற்றும் தொலைபேசியை அவர் அன்றுதான் முதன்முதலாகத் தொட்டார். எண் வட்டின் துளையில் விரலை விட்டுத் தடுப்பு வரை சுற்றினார். பிறகு விரலை எடுக்காமல், அதே விரலால் வட்டைத் திருப்பித் தள்ளிக்கொண்டே வந்தார். அவசரத்தைக் காட்டுவதாக அவர் எண்ணம். எனக்கும் அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. அந்தக் கருவியைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்து கொடுத்த பெரியவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். வேலைக்காலம் முழுவதும் தொலைபேசி இணைப்பகத்தில் கழித்தவர். அவரால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, விரலை எடுத்துவிடுங்கள். அது தானாகத் திரும்பும். நீங்கள் தள்ளினால் எண் தப்பாகப் போகும்."

"சீக்கிரம் திரும்ப என்ன செய்ய வேண்டும், ஐயா?"

"ஒன்றும் செய்ய முடியாது. காத்திருக்க வேண்டும்."

பிறகு வட்டைக் கழற்றி உள்ளே காட்டினார். சுற்றும்போது ஒரு வில் இறுகுகிறது; விட்டதும் அந்த வில் வட்டைத் திருப்பி இழுக்கிறது. அது கண்டபடி பாயாமல் இருக்க ஒரு சிறிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ளே சுழல்கிறது. திரும்பும் வழியில்தான் மின்தொடர்பு விட்டுவிட்டு அறுந்து, எத்தனை முறை அறுந்ததோ அதுவே எண்ணாக இணைப்பகத்துக்குப் போகிறது. ஒன்றுக்கு ஒரு முறை, ஒன்பதுக்கு ஒன்பது, பூஜ்யத்துக்குப் பத்து. ஏறக்குறைய நொடிக்குப் பத்துத் துடிப்பு. கேட்டுக்கொண்டிருந்த நான் திரைக்கதையில் எழுதியிருந்த எண்ணை அங்கேயே அடித்துவிட்டு 90980 என்று மாற்றினேன். ஒன்பது, பூஜ்யம், ஒன்பது, எட்டு, பூஜ்யம். மொத்தம் 46 துடிப்பு. வட்டு திரும்புவதற்கு மட்டும் நாலரை நொடிக்கு மேல். விரலால் சுற்றும் நேரத்தையும் சேர்த்தால் பத்து நொடி.

முதல் எண்ணைச் சுற்றி நடிகர் விரலை எடுத்தார். வட்டு தன் பாட்டுக்குக் கடகடவென்று திரும்பத் தொடங்கியது. அதற்குள் அவர் கை அடுத்த துளையைத் தேடிப் போய், அது இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு அந்தரத்தில் நின்றது. விரல் நடுங்கியது. வட்டோடு சேர்ந்து அவர் தலையும் மெல்லத் திரும்பியது. ஊரெல்லாம் துக்கம் சொல்ல வேண்டிய ஒருவனை ஒரு கருவி காக்க வைத்திருக்கிறது; அவன் அதைக் கெஞ்சவும் முடியாது, திட்டவும் முடியாது. பின்னால் ஆறடித் தெருவில் பெரியப்பா பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். யூனிட்டில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சிரிப்பு ஒலிப்பதிவாகிவிட்டதால் அந்த டேக் வீண். சன்னலுக்கு வெளியே நடப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது என்பதால், முதல் வட்டு திரும்பும்போது உதவி இயக்குநர் ஒரு துண்டை அசைக்க, அதைப் பார்த்து அவர் நடக்கத் தொடங்க வேண்டும். இந்த இரண்டு நேரமும் ஒன்றாகப் பொருந்தப் பதினொரு டேக்குகள் ஆயின. பொருந்தியபோது நாங்கள் யாரும் பேசவில்லை. எடுத்துவிட்டோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வெட்டியது

அந்தப் பத்து நொடியை நானே வெட்டினேன். படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து ஒரே காட்சியை நூறு முறை பார்த்தால் எல்லாமே நீளமாகத் தெரியும். நகைச்சுவை என்றால் வேகம் என்று எங்கோ படித்தது மனத்தில் ஊறியிருந்தது. பாதுகாப்புக்காக எடுத்து வைத்திருந்த நெருக்கமான ஷாட்டுகள் கைவசம் இருந்தன. முதல் எண்ணைச் சுற்றும் விரல், பதறும் முகம், கடைசி எண், தெரு. மூன்றே நொடியில் முடிந்துவிட்டது. "அகலமான ஷாட் ஒன்று இருந்ததே, அது வேண்டாமா?" என்று படத்தொகுப்பாளர் இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்றேன். கச்சிதமாக இருந்தது. அதைத்தான் பதினான்கு பேருக்குக் காட்டினேன்.

அந்தப் பதினான்கு பேரில் தொலைபேசிப் பெரியவரும் ஒருவர். எல்லாரும் போன பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, குறை சொல்லும் தொனி இல்லாமல், உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "அந்தத் தம்பி ஐந்து எண்ணும் சுற்றினாரே, இதில் இரண்டுதான் இருக்கிறது. யாருக்கு அழைப்பு போகும்?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. சட்டென்று எதுவும் விளங்கிவிடவும் இல்லை. சில நாள் கழித்து, அந்தக் காட்சியை ஒலி மட்டும் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. வட்டு திரும்பும் ஒலி இரண்டு இடத்தில் வந்தது, அவ்வளவுதான். எங்கேயும் காத்திருப்பு இல்லை. நான் வெட்டிய ஒவ்வோர் இடத்திலும், தேவைப்பட்டால் இந்தக் காலத்தைத் தாண்டிப் போகலாம் என்று பார்ப்பவருக்குச் சொல்லியிருந்தேன். படமே தாண்டும்போது நாயகனுக்கு மட்டும் என்ன தடை? அவன் தவிப்பு பொய்யாகிவிட்டது. யாராலும் அவசரப்படுத்த முடியாத பொருள் அந்தச் சட்டகத்தில் வட்டு ஒன்றுதான். நடிகரால் முடியவில்லை, பெரியவரால் முடியவில்லை. கத்தரிக்கோல் கையில் இருந்ததால் நான் செய்துவிட்டேன். தட்டியையும் பிரம்பையும் கூசாவையும் அவ்வளவு அக்கறையோடு பழைய காலத்தில் வைத்துவிட்டு, நேரத்தை மட்டும் இன்றைய நேரமாக மாற்றியிருக்கிறேன். பார்த்தவர்கள் தட்டியைப் பாராட்டியதில் தவறே இல்லை. 1958 எங்கே மிஞ்சியிருந்ததோ அங்கே பார்த்தார்கள்.

அகலமான ஷாட்டை முழுவதுமாக, ஒரு வெட்டும் இல்லாமல் வைத்தோம். முழுப் பத்து நொடி. இரண்டாம் முறை வேறு ஆட்களுக்குக் காட்டினேன். பெரியவரையும் மறுபடி அழைத்திருந்தேன். முதல் ஒன்பதுக்கு அமைதி. பூஜ்யத்துக்கு யாரோ ஒருவர் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். மூன்றாவது எண்ணில், அந்த இரண்டாம் ஒன்பதில், நடிகரின் விரல் அந்தரத்தில் நிற்கும்போது, அறை முழுவதும் சிரித்தது. எட்டுக்கும் கடைசிப் பூஜ்யத்துக்கும் சிரிப்பு அடங்கவே இல்லை. அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. அதற்காக அங்கே இன்னும் இரண்டு நொடி கூட்டினோம். பெரியவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "இப்போது அழைப்பு போகும்" என்றார்.

மைக்கூட்டுக் காட்சியை அப்படி மீட்க முடியவில்லை. மீட்பதற்கு அங்கே வெட்டி எறிந்த எதுவும் இல்லை. இருப்பது அந்த ஒரு டேக், அந்த ஒரு எச்சரிக்கையான கை. எத்தனை விதமாக அடுக்கிப் பார்த்தும் அவர் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டுதான் விழுகிறார். அந்த இடத்தில் இன்றும் யாரும் சிரிப்பதில்லை, சட்டை மட்டும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். அடுத்த கதையிலும் ஒருவன் விழ வேண்டியிருக்கிறது. இன்னும் வீடு பார்க்கவில்லை, நடிகரை முடிவு செய்யவில்லை. துணி வாங்கி, ஒரே அளவில் ஐந்து சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.